0012 எப்படி 10 ஆனது: ஒரு பால் கொள்முதல் மையத்தில் நடந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு தனியார் பால் நிறுவனத்தின் கொள்முதல் மையங்களுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்த சிறிய குழுவில் நான் இருந்தேன். நாங்கள் இரண்டே பேர். நிரல் பைதான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்பில் ஓடியது. பைதான் 3 வெளிவந்து வருடங்கள் ஆகியிருந்தாலும், ஓடுகிற நிரலை மாற்றப் பெரும்பாலும் யாரும் முன்வராத காலம் அது. நாங்களும் மாற்றவில்லை.

மையத்தில் நடப்பது இதுதான். காலையிலும் மாலையிலும் பால் ஊற்ற வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பாலை எடை போட்டு, மாதிரி எடுத்துக் கருவியில் வைத்தால் கொழுப்பும், கொழுப்பல்லாத திடப்பொருளின் அளவான எஸ்.என்.எஃப்-உம் தெரியும். கருவி ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். அதே விவரத்தை ஒரு வரியாகக் கம்பி வழியே கணினிக்கும் அனுப்பும். பத்து நாளைக்கு ஒரு முறை பட்டுவாடா. அந்தப் பட்டியலைப் போடுவது எங்கள் நிரலின் வேலை.

கருவி அனுப்பும் வரியில் காற்புள்ளிகளுக்கு நடுவே ஐந்து விவரங்கள் இருக்கும்: எண், வேளை, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். கணினிக்கு அது வெறும் எழுத்துச்சரம், அதாவது ஸ்ட்ரிங். அதைப் பிரித்து, எண்ணை எண்ணாகவும் எழுத்தை எழுத்தாகவும் மாற்றி, ‘பால் வரவு’ என்ற ஓர் ஆப்ஜெக்டாக, அதாவது இந்த ஐந்தையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும் பொதியாக, ஆக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் அந்த நிரலைப் பார்த்தவர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டையும் பைதானின் இவால் ஃபங்ஷனுக்குக் கொடுப்பார். இவால் என்பது கொடுத்த ஸ்ட்ரிங்கை நிரல் வரியாகவே நினைத்து இயக்கி, வந்த விடையைத் தருவது. 5.4 என்று கொடுத்தால் 5.4 என்ற எண் வரும். காலை வேளைக்கான ஆங்கில எம் எழுத்தைக் கொடுத்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பிழை வரும். பிழை வந்தால் அந்தத் துண்டை அப்படியே ஸ்ட்ரிங்காக விட்டுவிடும்படி ஒரு டிரை–எக்ஸெப்ட் போட்டிருந்தார். நான்கே வரி. எந்தத் துண்டு எண், எந்தத் துண்டு எழுத்து என்று எங்கேயும் எழுத வேண்டியதில்லை. நிரல் கைக்கு வந்தபோது நாங்களும் அதைப் படித்தோம், நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

வருடக்கணக்கில் அது பிழையில்லாமல் ஓடியது. பழைய கருவி 12-ஆம் எண்காரருக்கு 12 என்றுதான் அனுப்பும்.

கருவி மாறிய நாள்

ஒரு மையத்தில் மட்டும் பழைய கருவி பழுதாகி, வேறு தயாரிப்பாளரின் புதிய கருவி வந்தது. அந்த மையத்தில் 74 பேர், எண்கள் 1 முதல் 74 வரை. வரியின் அமைப்பு ஒன்றுதான், காற்புள்ளிகள் அதே இடத்தில்தான் என்று கருவி வைத்தவர் சொன்னார். நாங்களும் போய்ப் பார்த்தோம். ஒரே ஒரு வித்தியாசம். எண்ணை நான்கு இலக்கமாக்கி, முன்னால் சுழியம் நிரப்பி அனுப்பியது. 12 என்பது 0012.

அன்று நாங்கள் சோதனை செய்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மையப் பொறுப்பாளர் 1 முதல் 5 வரையுள்ள எண்களைப் போட்டு ஐந்து மாதிரிகள் வைத்தார். ஐந்தும் கணினியில் சரியாக விழுந்தன. 0003 என்று வந்தது 3 என்று பதிவானது. சரி, சுழியத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது என்று கிளம்பிவிட்டோம். மறுநாள் காலை முதல் புதிய பத்து நாள் கணக்கு ஆரம்பம்.

கண்ணில் பட்டவை

பதினோராம் நாள் பட்டியல் அடித்து ஒட்டிய அரை மணி நேரத்தில் பொறுப்பாளர் போன் செய்தார். பன்னிரண்டு பேருக்குப் பட்டியலில் ஒரு லிட்டர் கூட இல்லை. 61 முதல் 67 வரை ஏழு பேர், 70 முதல் 74 வரை ஐந்து பேர். இருபது வேளையும் வந்து ஊற்றியவர்கள், கையில் சீட்டு வைத்திருக்கிறார்கள்.

புதிய கருவி பெரிய எண்களை அனுப்பத் தவறுகிறது என்றுதான் முதலில் எங்களுக்குத் தோன்றியது. கம்பியில் வரிகள் தொலைகின்றனவோ என்றும் நினைத்தோம். ஆனால் 68-க்கும் 69-க்கும் கணக்கு முழுசாக இருந்தது. நடுவில் இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டுத் தொலைகிற கம்பி உண்டா என்ற கேள்வியை அப்போதே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னுடன் வேலை பார்த்தவர் கம்பி இணைப்பைச் சோதிக்கக் கிளம்பினார். நான் பொறுப்பாளரிடம் மொத்த லிட்டரைச் சரிபார்க்கச் சொன்னேன்.

அவர் திரும்ப அழைத்துச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “மொத்தம் சரியா இருக்குங்க சார். டேங்கர்ல ஏத்துனதும் பட்டியலும் ஒண்ணுதான். ஆளுக்கு ஆள்தான் தப்பா இருக்குது.”

வரி எதுவும் தொலையவில்லை என்பது இதில் தெரிந்துவிட்டது. வந்த பால் எல்லாம் யாரோ ஒருவர் பெயரில் ஏறியிருக்கிறது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. அத்தனை நாளும் மையத்தில் தினம் செய்துவந்த ஒரே சரிபார்ப்பு இந்த மொத்தக் கூட்டல்தான். ஆள் மாறி ஏறுவதை அந்தக் கூட்டலால் ஒருநாளும் காட்ட முடியாது.

சீட்டும் பட்டியலும்

மதியம் நான் மையத்துக்குப் போனேன். வாசலில் நாற்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். ஒன்றுமே வராத பன்னிரண்டு பேர் மட்டுமல்ல, வந்த தொகை தங்களுடையது இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதிகமாக வந்தவர்களில் இரண்டு பேர் அவர்களாகவே வந்து சொன்னார்கள்.

12-ஆம் எண்கார அம்மா சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி, ஒன்று விடாமல் வைத்திருந்தார். “சீட்டுல ஒண்ணு இருக்குது, பட்டியல்ல ஒண்ணு இருக்குது. எம் மாடு எப்பங்கண்ணு ஆறரைக் கொழுப்பு குடுத்துச்சு?” என்று கம்பியோடு என்னிடம் நீட்டினார். மேலே இருந்த சீட்டை எடுத்தேன். ஒரு காலை வேளை, எண் 0012, 5.4 லிட்டர், கொழுப்பு 4.3. பட்டியலில் அதே காலை 12-க்கு நேரே 9.8 லிட்டர், கொழுப்பு 6.4 என்று இருந்தது. 6.4 பொதுவாகப் பசும்பாலுக்கு வருகிற கொழுப்பு இல்லை, எருமைப்பால்தான். அந்த அம்மாவிடம் இருப்பது ஒரு பசு மட்டும்.

அப்படியானால் அவருடைய 5.4 எங்கே போனது? அந்தக் காலைப் பதிவுகளில் தேடினேன். 10-ஆம் எண்ணில் இருந்தது, 5.4 லிட்டர், கொழுப்பு 4.3. அந்த எருமைப்பால் யாருடையது என்று கேட்டதற்கு, 14-ஆம் எண்காரர்தான் எருமை வைத்திருக்கிறார் என்றார் பொறுப்பாளர்.

12 போய் 10-ல் விழுகிறது, 14 போய் 12-ல் விழுகிறது. இரண்டிரண்டாகக் குறைகிறதோ என்று 20-ஐப் பார்த்தேன். அது 16-ல் இருந்தது, நான்கு குறைவு. 30 என்பது 24-ல், ஆறு குறைவு. பட்டியலின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினேன். 10-க்கு 8, 20-க்கு 16, 30-க்கு 24. எட்டாம் வாய்ப்பாடு. நிரலுக்குள் பார்ப்பதற்கு முன்பே காரணம் பிடிபட்டுவிட்டது.

நிரலுக்குள் நடந்தது

பைதான் 2-ல் நிரல் வரிக்குள் சுழியத்தில் தொடங்கும் முழு எண்ணை எழுதினால், அது எட்டடிமான எண், அதாவது ஆக்டல். 0012 என்றால் ஓர் எட்டும் இரண்டும், மொத்தம் 10. இது பைதான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. பி மொழியிலிருந்து சி-க்கு வந்து, சி-யிலிருந்து பல மொழிகளுக்குப் போனது. யூனிக்ஸ் இயங்குதளம் முதலில் எழுதப்பட்ட பி.டி.பி-7 கணினியின் சொல், அதாவது அது ஒரே தடவையில் கையாளும் தொகுதி, 18 பிட் நீளம். மூன்று மூன்று பிட்டாகப் பிரித்து எழுத எட்டடிமானம் அந்தக் காலத்தில் வசதி. கோப்பு அனுமதிக்கு 755 என்று இன்றும் போடுகிறோமே, அதுவும் அதே எட்டடிமானம்தான்.

இவால் ஸ்ட்ரிங்கை நிரல் வரியாகப் படிக்கிறது. நிரல் வரியில் 0012-க்கு என்ன பொருளோ அதைத்தான் கொடுத்தது. இவால் மேல் தப்பில்லை. ஒரு மனிதருக்குக் கொடுத்த எண்ணை நிரல் வரியாகப் படி என்று சொன்னது நாங்கள்.

இதோடு நின்றிருந்தால் எல்லாரும் ஒரே மாதிரி நகர்ந்திருப்பார்கள், கணக்கும் சுலபமாகத் திரும்பியிருக்கும். எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்கள் கிடையாது. அதனால் 0008, 0019, 0048 போன்றவை வந்தால் பைதான் 2 பிழை என்று சொல்லும். அந்தப் பிழையைத்தான் டிரை–எக்ஸெப்ட் சத்தமில்லாமல் விழுங்கி, துண்டை ஸ்ட்ரிங்காகவே விட்டது. பிறகு தரவுத்தளத்தில் எழுதும்போது, ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக்கும் இன்ட் ஃபங்ஷன் 0008-ஐப் பத்தடிமானத்தில் படித்து 8 என்று சரியாக மாற்றியது. ஒரே நெடுவரிசையில் ஒரே மாதிரி எழுதிய எண்கள் இரண்டு வழியாகப் போய், இரண்டு விதமாக மாறியிருந்தன.

74 பேருக்கும் எழுதிப் பார்த்தோம். 1 முதல் 7 வரை மாற்றமில்லை. நாங்கள் சோதித்த 1 முதல் 5 வரை முழுவதும் இந்த ஏழுக்குள் அடங்கியது. 68, 69 ஆகிய இருவருக்கும் அவரவர் கணக்கே நின்றது. 8, 9, 18, 19, 28, 29, 38, 39, 48, 49, 58, 59 ஆகிய பன்னிரண்டு எண்களில் சொந்தப் பாலோடு இன்னொருவர் பாலும் சேர்ந்து விழுந்தது. 41 பேருக்கு முழுக்க முழுக்க வேறொருவர் கணக்கு. கடைசிப் பன்னிரண்டு பேருக்கு எதுவுமில்லை. 74-ல் ஒன்பது பேருக்குத்தான் கணக்கு சரி.

இவாலைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். என் கணிப்பில் இந்தச் சம்பவத்தில் அதைவிடப் பெரிய கேடு செய்தது அந்த எக்ஸெப்ட். முதல் நாள் காலை 8-ஆம் எண்காரர் வந்து ஊற்றியபோதே நிரல் நின்று, இந்த எண் எனக்குப் புரியவில்லை என்று திரையில் காட்டியிருந்தால், ஒரு வேளைப் பாலோடு விஷயம் முடிந்திருக்கும்.

அவசரத் திருத்தமும் மறுநாள் காலையும்

மாலைப் பாலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இவாலுக்குக் கொடுக்கும் முன் எண்ணின் முன்னாலுள்ள சுழியங்களை நீக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒரே வரித் திருத்தம். 0012 என்பது 12 ஆகும். 74 எண்களையும் போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரி. மாலைப் பால் ஒழுங்காக ஏறியது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மையம் நின்றது. இந்தக் கருவி ஒவ்வொரு நாளும் முதல் மாதிரிக்கு முன் தன்னைக் கழுவிக்கொண்டு, 0000 என்ற எண்ணில் ஒரு வரி அனுப்பும். அதுவரை 0000 என்பது 0 என்று மாறி, அப்படி ஓர் ஆள் இல்லாததால் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்தது. இப்போது எல்லாச் சுழியங்களையும் நீக்கியதும் மிஞ்சியது வெற்று ஸ்ட்ரிங். இவால் பிழை சொன்னது, எக்ஸெப்ட் விழுங்கியது, கடைசியில் இன்ட் ஃபங்ஷன் வெற்று ஸ்ட்ரிங்கை எண்ணாக்க முடியாது என்று நின்றுவிட்டது. கேன்களோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பொறுப்பாளர் நோட்டு எடுத்துக் கையால் எழுதினார்.

அந்தக் காலையில்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். இனி ஒட்டுப் போடுவதில்லை. நிரலை முழுசாக மாற்றும்வரை நோட்டுதான். மூன்று நாள் நோட்டில் ஓடியது. நிறுவனத்தில் இதற்கு ஒப்புதல் வாங்குவது எளிதாக இல்லை. ஆனால் தவறான பட்டியல் இன்னொன்று ஒட்டப்பட்டால் ஊற்றுகிறவர்கள் வேறு மையத்துக்குப் போய்விடுவார்கள் என்று பொறுப்பாளரே எங்களுக்காகப் பேசினார்.

எதை எடுப்பது, எதை விடுவது

முதலில் லிட்டரல் இவால் என்ற பைதான் ஃபங்ஷனைப் பார்த்தோம். இவால் ஆபத்து என்று யாராவது சொன்னால், உடனே பதிலாகச் சொல்லப்படுவது இதுதான். ஆபத்து உண்மையானது. கம்பி பழுதான நாட்களில் மையத்தில் பென்டிரைவில் கோப்பை எடுத்து வந்து ஏற்றுவார்கள், அந்தக் கோப்பும் இதே இவால் வழியாகத்தான் போனது. கோப்பில் ஒரு துண்டுக்குப் பதிலாக, கோப்புகளை அழிக்கச் சொல்லும் ஒரு பைதான் வரியை யாராவது எழுதி வைத்திருந்தால், அது எங்கள் கணினியில் அப்படியே இயங்கியிருக்கும். லிட்டரல் இவால் அந்தக் கதவை மூடும். எண், எழுத்து, பட்டியல் போன்ற நேரடி மதிப்புகளை மட்டும் ஏற்கும், ஃபங்ஷன் எதையும் அழைக்காது.

ஆனால் பைதான் 2-ல் லிட்டரல் இவாலுக்கு 0012 கொடுத்தாலும் 10-தான் வரும். போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். அதுவும் நிரல் இலக்கணப்படிதான் படிக்கிறது. கள்ளனை உள்ளே விடாது, ஆனால் ஆளைச் சரியாக அடையாளம் காணாது. பாதுகாப்பும் சரியான பொருளும் வெவ்வேறு என்பதை நான் தெளிவாகப் பார்த்தது அன்றுதான்.

பைதான் 3-க்கு மாறிவிடலாமா என்றும் பேசினோம். பெப் 3127 என்ற முன்மொழிவின்படி, 2008 டிசம்பரில் வந்த பைதான் 3.0-வில் பழைய சுழிய வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். எட்டடிமானம் வேண்டுமானால் சுழியத்துக்கு அடுத்து ஆங்கில ஓ எழுத்தைப் போட வேண்டும். வெறும் 0012 என்றால் பிழை. ஆனால் எங்கள் எக்ஸெப்ட் அந்தப் பிழையையும் விழுங்கி, ஸ்ட்ரிங்காக விட்டு, பிறகு இன்ட் சரியாக மாற்றியிருக்கும். அதாவது அதே மோசமான நிரல், தற்செயலாகச் சரியான விடை தந்திருக்கும். ஓட்டை உள்ளேயே இருந்திருக்கும்.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று பார்க்க ஒரு தேதியைக் கொடுத்தோம். புதிய கருவியில் தேதியையும் சேர்த்து அனுப்பும் வசதி இருந்தது, நாங்கள் அதை இயக்கவில்லை. நடுவில் கழித்தல் குறி போட்ட 12-03-2016 என்ற தேதியை இவாலுக்குக் கொடுத்தால், பன்னிரண்டிலிருந்து மூன்றைக் கழித்து, அதிலிருந்து இரண்டாயிரத்துப் பதினாறைக் கழித்து, -2007 என்று விடை வந்தது. சாய்கோடு போட்டுக் கொடுத்தால் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டு, 0 என்றது. நாளோ மாதமோ 08 ஆகவோ 09 ஆகவோ இருந்தால் மட்டும் பிழை வந்து தேதி ஸ்ட்ரிங்காகவே தப்பியது. வருடத்தில் இரண்டு மாதமும், மற்ற மாதங்களில் இரண்டு நாளும் மட்டும் தேதி தேதியாக இருக்கும் ஒரு நிரலை நாங்கள் பராமரித்துக்கொண்டிருந்தோம்.

எடுத்த முடிவு

ஒரு துண்டு பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து அது என்ன வகை என்று ஊகிப்பதையே கைவிட்டோம். முதல் துண்டு ஆளின் எண், மூன்றாவது லிட்டர் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததை நிரலில் எழுதிவிட்டால் ஊகிக்கத் தேவையே இல்லை.

‘பால் வரவு’ என்ற வகுப்புக்கு, அதாவது அந்த ஆப்ஜெக்ட்டுகளின் அச்சுக்கு, ஒரு வரியை வாங்கி ஆப்ஜெக்ட்டைத் தரும் ஒரே ஒரு வாசல் வைத்தோம். வரியில் சரியாக ஐந்து துண்டுகள் இருக்க வேண்டும். வேளை என்ற துண்டில் இரண்டு எழுத்துகளில் ஒன்றுதான் வரலாம். லிட்டரையும் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்-ஐயும், பத்தடிமானத்திலேயே வைக்கும் டெசிமல் வகையாக, ஸ்ட்ரிங்கிலிருந்து நேராக உருவாக்கினோம். முன்பு இவால் இவற்றை ஃப்ளோட், அதாவது தசம எண்ணை இரண்டடிமானத்தில் தோராயமாக வைக்கும் வகை, ஆக்கிக்கொண்டிருந்தது. ஃப்ளோட்டில் 0.1-உம் 0.2-உம் கூட்டினாலே சரியாக 0.3 வராது. விலையோடு பெருக்கி இருபது வேளையைக் கூட்டும் இடத்தில் அதை வைத்திருக்கக் கூடாது. யாரும் புகார் சொல்லாவிட்டாலும் அதையும் அப்போதே சரிசெய்தோம்.

ஆளின் எண்ணில்தான் எங்களுக்குள் வாதம். இன்ட் ஃபங்ஷனுக்கு 0012-ஐக் கொடுத்தால் அது பத்தடிமானத்தில்தான் படிக்கும், பைதான் 2-லும் 3-லும் 12 என்றே தரும், அது போதும் என்றார் உடன் வேலை பார்த்தவர். அது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை யாரும் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை. அது ஆளின் பெயருக்குப் பதில் நிற்பது. நான்கு இலக்க ஸ்ட்ரிங்காகவே தரவுத்தளம் வரை கொண்டுபோவோம் என்றேன். அரை நாள் பேசினோம். கடைசியில் அவரே ஒரு காரணம் சொல்லி ஒப்புக்கொண்டார்: சீட்டில் இருப்பது 0012, பட்டியலிலும் 0012 என்றே அடித்தால், ஊற்றுகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். அதற்காகத் தரவுத்தளத்தில் பழைய பதிவுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. கூடுதலாக ஒரு நாள் போனது. 0000 என்றால் கழுவிய வரி என்று தனியாக எழுதி, அதற்கு வரவு ஆப்ஜெக்ட்டே உருவாகாதபடி செய்தோம்.

எக்ஸெப்ட் போய்விட்டது. புரியாத வரி வந்தால் திரையில் சிவப்பாக அந்த வரி அப்படியே தெரியும், ஒலி வரும், பொறுப்பாளர் பார்த்துக் கையால் போட வேண்டும். வந்த வரியை, எதுவும் செய்வதற்கு முன், நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தோம். இதைச் சேர்த்ததற்குக் காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

கணக்கைத் திருப்பிச் சேர்த்தது

நிரலைச் சரிசெய்தது சுலபமான பாதி. பத்து நாள், இருபது வேளைக் கணக்கை ஆளுக்கு ஆள் திருப்ப வேண்டும்.

கருவி அனுப்பிய மூல வரிகள் எங்களிடம் இல்லை. ஆப்ஜெக்ட் ஆனதும் ஸ்ட்ரிங் தூக்கி எறியப்பட்டிருந்தது. ஆகவே பதிவான எண்ணிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது முடிந்தது. 10-ல் இருப்பது கண்டிப்பாக 12-உடையதுதான், வேறு எதுவும் 10 ஆக மாறாது. 24-ல் இருப்பது 30-உடையது, 60-ல் இருப்பது 74-உடையது. நிறுத்தியது அந்தப் பன்னிரண்டு இரட்டை எண்கள். 8 என்ற எண்ணில் ஒவ்வொரு வேளையும் இரண்டு பதிவுகள். ஒன்று 8-உடையது, இன்னொன்று 10-உடையது. எது யாருடையது என்று தரவுத்தளத்தில் எந்தத் தடயமும் இல்லை. அப்படியே 9-உம் 11-உம், 18-உம் 22-உம் என்று போய், 59-உம் 73-உம் வரை பன்னிரண்டு ஜோடிகள், 24 பேர்.

அவர்களிடம் சீட்டு கேட்டோம். சிலர் கம்பியில் குத்தி வைத்திருந்தார்கள், சிலர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள், சிலர் அன்றன்றே கிழித்துப் போட்டிருந்தார்கள். ஒரு ஜோடியில் ஒருவர் சீட்டு இருந்தாலே போதும், மற்றது தானாகத் தெரிந்துவிடும். இரண்டு பேரிடமும் இல்லாத வேளைகளுக்குப் பொறுப்பாளர் பாலை வைத்தே பிரித்தார். ஒருவர் எருமை, ஒருவர் பசு என்றால் கொழுப்பைப் பார்த்தாலே போதும். இரண்டும் பசு என்றால், ஒருவர் இரண்டு மாடு வைத்திருக்கிறார், ஒருவர் ஒன்று என்று லிட்டரை வைத்துச் சொன்னார். எங்கள் நிரல் தொலைத்த விவரத்தை அவர் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கணினியில் ஏற்றிய இரண்டு நாட்களும் எனக்கு வெட்கமாக இருந்தது.

48-உம் 60-உம் மட்டும் மூன்று வேளைகளுக்குப் பிரியவில்லை. இரண்டு பேரிடமும் ஒரு பசு, கிட்டத்தட்ட ஒரே லிட்டர், ஒரே கொழுப்பு, சீட்டும் இல்லை. அந்த மூன்று வேளைகளுக்கும் இரண்டு பதிவுகளில் எது கூடுதலோ அந்தத் தொகையையே இருவருக்கும் தருவது என்று நிறுவனம் முடிவு செய்தது. வித்தியாசத்தை எங்கள் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்கள். அதிகமாகப் பணம் வாங்கியிருந்தவர்களிடம் உடனே திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த மூன்று பட்டுவாடாக்களில் சிறிது சிறிதாகப் பிடித்தார்கள்.

நான்காம் நாள் காலை புதிய நிரல் ஓடத் தொடங்கியது. அடுத்த பத்து நாளும் பொறுப்பாளர் நோட்டையும் விடாமல் எழுதினார். பட்டியல் வந்த அன்று, சீட்டுகளையும் நோட்டையும் பட்டியலையும் 74 பேருக்கும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது, நோட்டில் ஓர் இடத்தில் 5.9 என்பதை 5.6 என்று எழுதியிருந்தார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

கருவி மாறிய அன்று 1 முதல் 5 வரை சோதிப்பதற்குப் பதிலாக 8, 10, 74, 0000 ஆகிய நான்கை மட்டும் போட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும். வசதியாகக் கையில் கிடைத்ததை எடுத்துச் சோதித்தோம். இப்போது எந்தக் கருவி வந்தாலும், மையத்தில் இருக்கிற எல்லா எண்களையும் ஒரு கோப்பிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இணைக்கிறேன்.

மூல வரியைச் சேமிப்பதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும். ஒரு வரிக்கு முப்பது எழுத்து கூட இல்லை. அது இருந்திருந்தால் 24 பேரிடம் சீட்டு கேட்டு நின்றிருக்க மாட்டோம், 48-க்கும் 60-க்கும் ஊகத்தில் பணம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தினசரிச் சரிபார்ப்பில் மொத்தக் கூட்டலோடு, அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்தோம். 74 பேர் ஊற்றிய வேளையில் பதிவு 74 இருந்தும் வெவ்வேறு எண்கள் 62 மட்டுமே இருந்தால், முதல் வேளையிலேயே தெரிந்துவிடும்.

சுழியப் பிரச்சினை பைதான் 2-ஓடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். சில வருடங்கள் கழித்து, பைதான் 3-ல் எழுதிய வேறொரு நிரலின் அமைப்புக் கோப்பை யாம்ல் என்ற கோப்பு வடிவத்தில் எழுதினோம். அதில் மேற்கோள்குறி போடாமல் 0012 என்று ஓர் எண். பைதானில் பரவலாகப் பயன்படும் பை-யாம்ல் நிரலகம் யாம்லின் 1.1 பதிப்பைப் பின்பற்றுகிறது, அந்தப் பதிப்பில் 0012 இன்னும் எட்டடிமானம்தான். கணினிக்குக் கட்டளை தட்டும் பேஷ் ஷெல்லின் கணக்குகளிலும் அப்படியே. ஜேசன் என்ற இன்னொரு கோப்பு வடிவமாக இருந்திருந்தால் சுழியத்தில் தொடங்கும் எண்ணையே ஏற்காமல் பிழை சொல்லியிருக்கும். அந்தக் கோப்பில் 0012 மறுபடியும் 10 என்று வந்து நின்றபோது, இந்த முறை அரை நிமிடத்தில் கண்டுகொண்டேன். மேற்கோள்குறிகளைப் போட்டேன், கூடவே எண்கள் எல்லாம் ஸ்ட்ரிங்காகத்தான் வருகின்றனவா என்று பார்க்கும் ஒரு சோதனையையும் எழுதி வைத்தேன். அதில் முதலாவதாகச் சோதிக்கிற எண் 0012.